நான் கொண்டுபோன பேப்பர் தட்டுகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டுப் பேப்பர் தட்டுகளால் ஒரு நல்ல காரியத்தைக் கெடுக்கப் பார்த்தேன்.

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தோடு செய்கிற பிழைகளின் சத்தம்தான் கேட்பதே இல்லை…

ஹிருத் என் சிநேகிதி. எத்தியோப்பியாவில் பிறந்தவள். சிட்னியில், பரமட்டாவில் நான் வேலை செய்யும் ஒஃபிஸில் அடுத்த மேசை. மத்தியானத்தில் என் புட்டை அவளும் அவளுடைய இன்ஜெராவை நானும் சாப்பிட்டுப் பழகிவிட்டோம். இன்ஜெரா தெரியாதவர்களுக்கு — மாவைப் புளிக்கவைத்துச் சுடுவது. தாம்பாளம் அளவு அகலம். முகமெல்லாம் சின்னச் சின்னக் கண். எங்கள் தோசைக்கு ஒன்றுவிட்ட அக்கா.

அதே மேசையில் வைத்துத்தான் ஒருநாள் சொன்னாள், தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள். எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க நாக்கு துடித்தது. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்தவரிடம் எப்படி வந்தது என்று கேட்கிறோமா என்ன? கேட்கிறோம்தான். ஆனால் அந்தக் குரல் வேறு.

தினமும் மருந்துக் குளிசை எடுக்கிறாள். இரத்தப் பரிசோதனையில் பிடிபடாத அளவுக்குக் கிருமி அடங்கிவிட்டது. அப்படி அடங்கியிருக்கும்வரை உடலுறவால்கூட அது இன்னொருவருக்குத் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ தொற்றாது — மருந்து இல்லாத காலத்திலும் தொற்றியதில்லை.

இதெல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்துவிட்டது. அவளுடைய ஆட்களுக்கு?

மாதத்தில் ஒரு ஞாயிறு அவளுடைய ஊர்ப் பெண்கள் பிளாக்டவுன் பக்கம் ஒரு ஹோலில் கூடுவார்கள். முன்பொருமுறை யாரோ சுகாதார அதிகாரி வந்து சிலைட் போட்டுக் காட்டினாராம்.

"படத்தில இருந்த முகமெல்லாம் கறுப்பு முகம்" என்றாள் ஹிருத். (அவள் ஆங்கிலத்தில் சொல்வதை என் தமிழில் தருகிறேன்.) "ஒவ்வொருத்தியாக் கோப்பி குடிக்க எழும்பிப் போட்டினம். கறுப்பு எண்டால் நோய் எண்டு ஆரோ காட்டுற படத்தை ஏன் இருந்து பார்க்க வேணும்?"

"அப்ப என்ன செய்யப்போறாய்?"

"இந்தமுறை நான் கதைக்கப்போறன். என்னைப் பற்றி."

"பயமா இல்லையா?"

"கதைக்கப் பயமில்லை. அதுக்குப் பிறகு சாப்பாடு இருக்கு. அதுக்குத்தான் பயம்."

அவர்கள் சாப்பிடுவது ஒரே தாம்பாளத்தில். நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒரே இன்ஜெராவைப் பிய்ப்பார்கள். அன்பு கூடினால் ஒரு கவளம் சுருட்டி அடுத்தவர் வாயிலேயே வைத்துவிடுவார்கள். அதற்கு குர்ஷா என்று பெயர். கவளம் எவ்வளவு பெரிதோ அன்பும் அவ்வளவு பெரிது. நாங்கள் குழைத்த சோற்றைக் கையில் கொடுப்பதோடு நின்றுவிட்டோம். அவர்கள் இன்னும் ஒரு சாண் கூடப் போயிருக்கிறார்கள்.

"நீயும் வா. எங்களோட இருந்து சாப்பிடு. அவ்வளவுதான் உன்ர வேலை" என்றாள்.

தமிழர் அகராதியில் 'சும்மா வா' என்பதற்குப் பொருள் கிடையாது.

"வெறுங்கையோடயா போறீர்?" என்றார் இவர், கிரவீனில் எங்கள் வீட்டு வாசலில் நின்று. வென்ட்வேர்த்வில்லில் இறங்கி ஒரு பெட்டி கடலை வடை வாங்கினேன். கார் டிக்கியில் யாருடையதோ பிறந்தநாளில் மிஞ்சிய பேப்பர் தட்டுக் கட்டு. சிட்னித் தமிழரின் டிக்கியில் ஸ்பேர் டயர் இல்லாமல் இருக்கும், பேப்பர் தட்டு இல்லாமல் இராது. அதையும் தூக்கிக்கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில், தாம்பாளங்களுக்குப் பக்கத்தில், அழகாக அடுக்கிவைத்தேன்.

ஹிருத் அவர்களுடைய அம்ஹாரிக் மொழியில் பேசினாள். என் பக்கத்தில் அல்மாஸ். ஹிருத்தின் நெருங்கிய சிநேகிதி. அன்றைய சமையல் முழுக்க அவள்தான். என் காதுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். "இப்ப நல்ல மருந்து இருக்காம்… வேளைக்கே இரத்தம் சோதிச்சுப் பார்த்தால் நல்லதாம்… தனக்கு…"

அதோடு நிறுத்திவிட்டாள்.

அந்த வசனத்தை எனக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

பிறகு ஒரு கேள்வி. இன்னொன்று. சோதித்துப் பார்த்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமா? கிளினிக்காரர் உங்கள் ரிசல்ட்டை விசா ஒஃபிஸுக்கு அனுப்புவதில்லை என்றாள் ஹிருத். கிளினிக்கில் மொழிபெயர்க்க வருகிறவர் எங்கள் சேர்ச் ஆளாக இருந்தால்? — பெரிய சிரிப்பு. உண்மையான பயத்தில்தான் அப்படிச் சிரிப்பு வரும். போனில் வேறு நகரத்து ஆளைக் கேட்கலாம், உங்கள் பெயரைச் சொல்லவும் தேவையில்லை என்றாள்.

நல்லாய்த்தான் போனது. சாப்பிட எழும்பும்வரை.

முதலில் ஒருத்தி. "வயிறு கொஞ்சம் சரியில்லை" என்று ஒரு பேப்பர் தட்டை எடுத்தாள். அடுத்தவளுக்கு வயிறும் தேவைப்படவில்லை. மூன்றாவதாக நீண்டது அல்மாஸின் கை.

நான் வைத்த தட்டுகள். பயத்துக்கு ஒரு மரியாதையான கதவைத் திறந்து, வாசலில் நானே கோலமும் போட்டு வைத்திருக்கிறேன்.

ஹிருத் ஒரு தாம்பாளத்தின் முன்னால் தனியாக இருந்தாள். தட்டுகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கோபமில்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அல்மாஸிடம் போனேன். "அது நான் கொண்டுவந்தது. சும்மா… எங்கட பழக்கம். வேற ஒண்டுக்குமில்லை."

அவள் கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ர அக்காவுக்கு இதே வருத்தம்" என்றாள். "அப்ப ஊரில மருந்து இல்லை. தனித் தட்டு, தனிக் கோப்பை வைச்சம். கதவடியில வைச்சிட்டு வந்திடுவன். அவ கடைசி மட்டும் அதிலதான் சாப்பிட்டவ."

"உங்களுக்கு அப்ப தெரியாதுதானே."

"இப்ப தெரியும். ஹிருத் இவ்வளவு நேரமும் சொன்னாள், நான்தானே உனக்கு இங்கிலிஷில சொன்னனான். ஆனா கை தானாப் போகுது."

வெறுப்பு என்று நான் நினைத்தது பழைய துக்கத்தின் பழக்கம். அறிவு காதால் உள்ளே போய்விடுகிறது. கைக்கு வந்துசேர அதற்கு எவ்வளவு காலம் எடுக்கும்?

அல்மாஸ் தட்டைத் திரும்பக் கட்டின்மேல் வைத்தாள். நேராகப் போய் ஹிருத்தின் முன்னால் இருந்தாள். என்னவோ கேட்டாள். ஹிருத் என்னவோ சொன்னாள். (பிறகு தெரிந்துகொண்டேன். "ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?" "சொன்னால் தட்டு மாறும் எண்டு.")

அல்மாஸ் தன் கையால் ஊட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லை. வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

ஹிருத் இன்ஜெராவைப் பிய்த்து, பருப்பை அள்ளி, சுருட்டி… வரவரக் கவளம் பெருத்துக்கொண்டே போனது. அல்மாஸ் அதை வாய் கொள்ளாமல் மென்று, கண்ணில் தண்ணீரோடு என் பக்கம் திரும்பி, "உறைப்புக் கூடிப்போச்சு" என்றாள்.

"சமைச்சது நீதானே" என்றாள் ஹிருத்.

நானும் போய் இருந்தேன். எனக்கும் ஒரு வாய் கிடைத்தது. எல்லோரும் வரவில்லை. அந்த முதல் இரண்டு பேரும் கடைசிவரை பேப்பர் தட்டில்தான் சாப்பிட்டார்கள். ஆனால் வயிறு சரியில்லாதவள் போகும்போது ஹிருத்தை ஓரமாகக் கூப்பிட்டு, கிளினிக் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போனாள்.

பின்னேரம் வீட்டில் இவரிடம் கதையைச் சொன்னேன். பெருமூச்சு விட்டார். "பாவங்கள். எங்கட ஆக்களிட்ட அப்பிடி ஒண்டும் இல்லைத்தானே."

"ஆரைக் கேட்டனீங்கள்?"

சீனி வருத்தத்துக்கு எங்களிடம் கருத்தரங்கு உண்டு, கொலஸ்ட்ரோலுக்கு நடைபவனி உண்டு. இதற்கு மட்டும் 'எங்கட ஆக்களிட்ட இல்லை' என்ற ஒரே மருந்து. ஹிருத்துக்கு ஒரு ஹோலாவது இருந்தது. எங்களில் ஒருத்தி எந்த மேசையில் வைத்துச் சொல்லுவாள்?

மிச்சத் தட்டுகள் என்ன ஆயின என்று கேட்கிறீர்களா? சாப்பாட்டுக்குப் பிறகு கோப்பி; கொட்டையைக் கரி அடுப்பில் அங்கேயே வறுத்துப் போடுவது அவர்கள் வழக்கம். ஹோலுக்குள் கரி அடுப்பு வைத்தால் அலாரம் அலறும் என்று கார்ப்பார்க்கில் வைத்தார்கள். விசிறியை எடுத்துவர மறந்துவிட்டார்கள். அல்மாஸ் உள்ளே போய் என் தட்டுக் கட்டைத் தூக்கிவந்து, எனக்கொன்று, ஹிருத்துக்கொன்று, தனக்கொன்று என்று பிரித்துத் தந்தாள்.

பேப்பர் தட்டு — நெருப்பு விசிற நல்ல சாமான்.