தலைகீழாகப் போட்ட அம்புக்குறி

சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் கனகமாலா டீச்சர் ஆசிரியர் அறையிலேயே உட்கார்ந்து ராச்சாப்பாட்டை முடித்துக்கொண்டாள். சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தபின் சாப்பிடுகிற வழக்கமில்லை. பசிக்கிறதா என்று தன்னையே கேட்டுக்கொள்வதை அவள் விட்டுப் பல வருஷமாகிவிட்டது. டப்பாவைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு போளூர் ரோட்டில் இருந்த டியூஷன் சென்டருக்கு நடந்தாள்.

அங்கே பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரிக்கு அடுத்தடுத்து மூன்று பேட்ச். மூன்றுக்கும் அன்று ஒரே பாடம்: தனிம வரிசை அட்டவணையில் எந்தப் பக்கம் போனால் அணுவின் அளவு கூடும், எந்தப் பக்கம் போனால் குறையும், எலக்ட்ரானைப் பிடுங்குவது எங்கே சுலபம், எங்கே கஷ்டம். திங்கட்கிழமை டெஸ்ட். முதல் பேட்சில் சொன்ன உதாரணத்தையே இரண்டாவதிலும் சொன்னாள். மூன்றாவது பேட்ச் வந்தபோது தொண்டை கட்டியிருந்தது, குதிகால் வலித்தது. வாய் தானாகப் பேசியது, கை தானாக எழுதியது. வீட்டுக்குப் போகும் கீழ்பென்னாத்தூர் கடைசி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்ததும் தூங்கிப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று கை நின்றது. கடைசி பேட்சில் போர்டில் தான் போட்ட அம்புக்குறி கண்ணுக்குள் வந்தது. லித்தியத்திலிருந்து ஃபுளோரினுக்குப் போகப் போக அணு பெரிசாகும் என்று போட்டிருந்தாள். அப்படியே நேர்மாறு. அதை வைத்து மற்ற எல்லாவற்றையும் நேர்மாறாகவே சொல்லிக்கொண்டும் போயிருந்தாள். அறை நிறையப் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். ஒருத்தர்கூடக் கை தூக்கவில்லை.

“தோசை கருகுது பாரு. இன்னா ஆச்சு?” என்றார் புருஷன் அப்பாண்டைராஜ்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு சென்டர் நடத்துகிற சரவணகுமாருக்குப் போன் போட்டாள். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் என்பதால் அன்று சென்டர் லீவு. ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள், போனாலும் பயனில்லை.

“சார், கடைசி பேட்சுக்கு நேத்து தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். வாட்ஸப் குரூப்ல ஒரு மெசேஜ் போட்டுடுங்க. அதுல நீங்க மட்டும்தானே போட முடியும்.”

சரவணகுமார் குரலைத் தாழ்த்தினார். “அந்தக் குரூப்ல பேரண்ட்ஸும் இருக்காங்க மேடம். ஸ்டாஃப் தப்பா நடத்துனாங்கன்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? டெஸ்ட் முடியட்டும். அப்புறமா ரிவிஷன் மாதிரி நைசா திருத்திடுங்க.”

அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. சரிங்க சார் என்று வைத்துவிட்டாள். வைத்தபிறகு மனசு கேட்கவில்லை. அந்த பேட்சில் கீர்த்தனா என்ற பெண்ணின் நம்பர் மட்டும் அவளிடம் இருந்தது. அடி அண்ணாமலைப் பெண். பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் குடும்பமே நீர்மோர் விற்கும்.

போனை எடுத்த கீர்த்தனாவின் குரல் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே கேட்டது. கனகமாலா விஷயத்தைச் சொன்னாள்.

“ராத்திரியே பாத்தேன் மேடம். புக்ல வேற மாதிரி இருந்துச்சு.”

“அப்போ ஏம்மா கேக்கல?”

“நீங்க சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்னு, புக்ல அடிச்சுட்டு நீங்க சொன்னதை எழுதிக்கிட்டேன்.”

அந்தப் பெண் குறையாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் கனகமாலாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

“நாங்க பசங்க மட்டும் ஒரு குரூப் வச்சிருக்கோம் மேடம். வீடியோ எடுத்து அனுப்புங்க, நான் போட்டுடறேன்” என்றாள் கீர்த்தனா.

வீட்டில் வேர்க்கடலை மூட்டை அடுக்குகிற ரூமின் பச்சைக் கதவுதான் போர்டு. அப்பாண்டைராஜ் போனைப் பிடித்துக்கொண்டார். “நான் நேத்து தப்பா சொன்னேன்” என்று ஆரம்பித்தாள். “அடிச்சுட்டுத் திருப்பி எழுதிக்குங்க. இடமிருந்து வலம் போகப் போக உட்கருவில் புரோட்டான் ஜாஸ்தி ஆவுது. ஆனா எலக்ட்ரான் சேருறது அதே வெளிக்கூட்டுலதான். அதனால இழுவை கூடும், அணு சுருங்கும். மேலிருந்து கீழ போனா புதுசா ஒரு கூடு சேரும். உள்ள இருக்கற எலக்ட்ரானுங்க நடுவுல நின்னு அந்த இழுவையை மறைச்சுடும். அதனால பெரிசாகும். இறுக்கிப் பிடிச்சிருந்தா பிடுங்கறது கஷ்டம், தளர்ந்திருந்தா சுலபம். அவ்வளவுதான்.”

போனை இறக்கிய அப்பாண்டைராஜ், “ஆளு ஜாஸ்தியானா வீடு சின்னதாவுமா? நல்லா இருக்கே உங்க கணக்கு!” என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தொண்டை வலித்தது.

திங்கட்கிழமை டெஸ்டில் கடைசி பேட்சில் பாதிப் பேர்தான் சரியாக எழுதினார்கள். மற்றவர்கள் வீடியோவைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் எது சரி என்று குழம்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் வீடியோ பெற்றோர்கள் கைக்குப் போய்விட்டது. சரவணகுமார் கூப்பிட்டுவிட்டார். அவர் கோபப்படவில்லை. அவர் முகத்திலும் களைப்புதான் தெரிந்தது.

“நாலு பேரண்ட்ஸ் கேட்டுட்டாங்க மேடம். கடைசி பேட்சை இளஞ்செழியன் சாருக்குக் குடுத்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

“இல்லைங்க சார்” என்றாள். நிஜமாகவே தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வருமானம் குறையும் என்பது உறைத்தது. அதற்கு முன்னால், இனி கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டாம் என்பது உறைத்தது.

மிச்சம் இருந்த இரண்டு பேட்சிலும் வேறொரு தொல்லை ஆரம்பித்தது. அவர்களும் அந்த வீடியோவைப் பார்த்திருந்தார்கள். அவள் எதை எழுதினாலும் இப்போது யாராவது, “மேடம், இது கரெக்டா?” என்றார்கள். அவர்கள் குறும்புக்குக் கேட்கவில்லை. சந்தேகமாக இருந்தது, கேட்டார்கள். ஒவ்வொரு வரிக்கும் நின்று ஏன், எப்படி என்று சொல்ல வேண்டியிருந்தது. மூன்று பேட்ச் எடுத்த களைப்பு இப்போது இரண்டிலேயே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கவிநிலா என்ற பெண் எழுந்து நின்றாள். “மேடம், கீழ போனா பெரிசாகும்னீங்க. அலுமினியத்துக்குக் கீழ கேலியம் இருக்கு. ஆனா கேலியம் கொஞ்சம் சின்னதுன்னு போட்டிருக்கு. புக்கு தப்பா, நீங்க தப்பா?”

வகுப்பே நிமிர்ந்து பார்த்தது. வகுப்பு முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் பாக்கி. நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம்.

“ரெண்டு பேரும் தப்பு இல்ல. நடுவுல பத்து தனிமம் வந்து நிக்குது பாரு, அங்க சேர்ற எலக்ட்ரானுங்க இழுவையைச் சரியா மறைக்காது. அங்கதான் சமாச்சாரம்” என்றாள் கனகமாலா. நாற்காலியை போர்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, உட்கார்ந்தபடியே எழுத ஆரம்பித்தாள்.