அர்லீத்தாவின் பாதி ஓட்டு

வாஷிங்டன் யூ தெருவில் அர்லீத்தா பாய்கினின் அழகு நிலையத்தில் தலையைக் கொடுத்தவர்கள் காதையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். கையிலிருக்கும் சூட்டுச் சீப்பு சுருட்டை முடியை நீட்டும். வாய் ஜனாதிபதிகளைச் சந்திக்கு இழுக்கும். பிறந்து வளர்ந்ததே தலைநகரத்தில். வெள்ளை மாளிகைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் தலைநகரம் எந்த மாநிலத்திலும் சேராதது என்பதால் அந்த ஊர்க்காரர்களுக்கு அப்போது ஓட்டு கிடையாது. வரி வாங்குவார்கள், பட்டாளத்துக்கு ஆள் எடுப்பார்கள், ஓட்டு என்றால் மட்டும் கையை விரிப்பார்கள். என்ன நியாயமோ!

அவள் புருஷன் ரூஃபஸ் கதை வேறு. சர்க்கார் உத்தியோகத்துக்காக ஒகையோ மாநிலத்திலிருந்து வந்தவன், சொந்த ஊர் ஓட்டை விடாமல் பிடித்து வைத்திருந்தான். தேர்தல் வந்தால் தபாலில் ஓட்டுச் சீட்டு வரும். அன்று சர்ச்சுக்குப் போகிற கோட்டை மாட்டிக்கொண்டு சமையலறை மேசையில் உட்காருவான். கோழி பொரித்துக்கொண்டிருக்கும் பெண்டாட்டியைப் பார்த்து ஒரு கனைப்பு வேறு.

"சத்தம் போடாதே. இந்த வீட்டோட ஒரே குடிமகன் யோசிக்கிறேன்."

"யோசி, யோசி. நான் சொன்ன ஆளுக்குப் போடலேன்னா குடிமகனுக்கு இன்னிக்குக் கோழி கிடையாது!"

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். உள்ளுக்குள் எரியும். சாவதற்குள் ஒரு தடவையாவது தன் கையால் ஓட்டுப் போட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஒரு ஆசை.

அறுபத்து நாலில் அது நடந்தது. சட்டத்தைத் திருத்தி, ஜனாதிபதித் தேர்தலில் தலைநகரத்துக்கும் ஓட்டு என்றார்கள். அன்று காலை ஈஸ்டர் பண்டிகைத் தொப்பியை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து ஓட்டுச்சாவடி வரிசையில் போய் நின்றாள். தெருவே கல்யாணத்துக்குக் கிளம்பினாற்போல் உடுத்தி வந்திருந்தது. ரூஃபஸும் கூடவே நின்றான். துணைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தாள்.

மறைவுக்குள் போனவள் சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு தலையை வெளியே நீட்டினாள்.

"தம்பி! பாதிச் சீட்டுதான் குடுத்திருக்கே. ஜனாதிபதி இருக்காரு. செனட்டர் எங்கே? காங்கிரஸ் மெம்பர் எங்கே? எம் புருஷன் சீட்டுல எல்லாரும் இருப்பாங்களே!"

"அவ்வளவுதாம்மா. நாடாளுமன்றத்துல நம்ம ஊருக்குன்னு ஆள் கிடையாது," என்றான் மேசையிலிருந்தவன்.

"அட கடவுளே! இத்தனை வருஷம் காத்துக் கிடந்தது பாதிக்கா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஆனாலும் சீட்டைப் பெட்டியில் போடும்போது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு திரும்பினால், மேசைக்காரன் அடுத்த பெயரைக் கூப்பிடுகிறான்: ரூஃபஸ் பாய்கின்!

ஒகையோவில் பெயரை எடுத்துவிட்டு, அவளுக்குத் தெரியாமல் இங்கே பதிந்திருக்கிறான் மனுஷன்.

"உனக்கென்ன பைத்தியமா? நம்ம வீட்டுக்காகக் கேக்கறதுக்குன்னு இருந்ததே அந்த ஒகையோ செனட்டருங்க ரெண்டு பேர்தான். அவங்களையும் தொலைச்சிட்டு வந்து நிக்கிறியே!"

"தனியா ஓட்டுப் போட்டு அலுத்துப்போச்சுடி. உன்கூட வரிசையில நிக்கணும்னு இருந்துச்சு."

அர்லீத்தா அவன் கோட்டுக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"சரி, போ. நான் சொன்ன ஆளுக்கே போடு." மேசைக்காரனிடம் திரும்பினாள். "தம்பி, மேலிடத்துல சொல்லிடு. அந்த மீதிச் சீட்டு வர்றவரைக்கும் நான் சாகறதா இல்லை."

ரூஃபஸ் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. பிற்பாடு, காங்கிரஸ் என்கிற அந்த நாடாளுமன்றத்தில் போய்ப் பேச ஒருவரை அனுப்பிக்கொள்ளலாம், ஆனால் சட்டம் நிறைவேறும்போது அவர் ஓட்டுப் போடக் கூடாது என்றார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் அர்லீத்தா அதே தொப்பியோடு போய், "மீதி எங்கே?" என்று கேட்கிறாள். மேசையில் இருக்கும் புதுப் பிள்ளைகள் திருதிருவென்று விழிக்கிறார்கள்.

மீதி இன்னும் வரவில்லை. அவளும் சொன்ன சொல்லை மீறவில்லை.