கன்னியப்பனை எடுத்த செலவு

"இறந்தவரின் மகள் முத்தம்மா, வயது 38, திருமணமானவர், இல்லத்தரசி. வருமானம் ஏதுமில்லை." வாரிசுச் சான்றிதழுக்காக எழுதப்பட்ட விசாரணைக் குறிப்பு இப்படிச் சொல்கிறது. குறிப்பை எழுதியவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முத்தம்மாவின் டிபன் கடையில் நான்கு இட்லியும் வடகறியும் சாப்பிட்டு, அவளிடமே காசு கொடுத்து, அவள் துடைத்துக் கொடுத்த மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதினார். பெண்ணின் பெயருக்கு எதிரே வழக்கமாக எழுதுவது அதுதான். வடகறி நன்றாக இருந்தது என்பதற்காக வழக்கத்தை மாற்றிவிட முடியுமா?

அவள் கடை ஓர் உருக்காலையின் வாசலுக்கு எதிரே இருந்தது. காலை ரயிலில் வந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் அவள் இட்லியைத் தின்றுவிட்டுத்தான் உலைக்குப் போனார்கள். கணவன் வள்ளூரில் அனல்மின் நிலையக் கட்டட வேலையில் தங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வருவான், தூங்குவான், போவான். குடும்பம் நடந்ததெல்லாம் இட்லிக் குண்டானில்தான்.

2007 மழைக்காலத்தில் அவள் அப்பா கன்னியப்பன் காலையில் காபி குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை. மனைவி முன்பே போயாயிற்று; மகன் அருணாச்சலத்தோடு பைபாஸ் ஓரம் சொந்த வீட்டில் இருந்தார். உயில் கிடையாது. வங்கியில் போட்டிருந்த பணத்துக்கு நாமினி பெயர்கூடக் கிடையாது. "பேர எழுதிக் குட்த்துட்டா எவனாவது நான் சாவுறதுக்குக் காத்துக்கினு இருப்பான்" என்பது அவர் கட்சி. எழுதாததால் யாரும் காத்திருக்கவில்லை, ஆனாலும் செத்துப்போனார்.

வங்கியில் விசாரித்தார்கள். வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும். அதற்கு உடலை முதலில் சுடுகாட்டுக்குக் கொண்டுபோயாக வேண்டும். கன்னியப்பனுடைய பணம் கன்னியப்பனுக்கு மட்டும் உதவாது என்பது அருணாச்சலத்துக்குப் புரிந்துவிட்டது. அவன் வேலை பார்த்த ஆலை உலை அணைந்து இரண்டு மாதமாகச் சம்பளம் இல்லை.

முத்தம்மாவிடம் பணம் இருந்தது. கிரைண்டர் வாங்க வைத்திருந்தாள். நேராக அண்ணனிடம் போய் நீட்டினாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கொள்ளி வெக்கப் போறவன் நானு. தங்கச்சி துட்டுல அப்பன எட்த்தான்னு பேசுவாங்க. நீ கோடித்துணி போட்டுட்ட, மால போட்டுட்ட. உன் மொற முட்ஞ்சுது."

"அப்ப பந்தலுக்கு, மேளத்துக்கு, காட்டுக்கு?"

"பாத்துக்கலாம்."

எதைப் பார்த்துக்கொள்வது என்று அவனுக்கும் தெரியவில்லை. திண்டாடுகிறவனுக்குத் துணையாக அத்தை அஞ்சம்மாள் வேறு ஒப்பாரிக்கு நடுவே, இன்றைக்குப் பந்தலுக்குக் கொடுக்கிறவள் நாளைக்கு வீட்டில் பாதி கேட்பாள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி ரகசியம் சொன்னாள். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பாதி அவளுடையதுதான் என்று சட்டம் சொல்வது அங்கே யாருக்கும் தெரியாது, முத்தம்மாவுக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சாயங்காலத்துக்குள் அப்பாவை எடுக்க வேண்டும், எடுக்கும்போது அண்ணன் தலை நிமிர்ந்து கொள்ளிச்சட்டி தூக்க வேண்டும் என்பதுதான். இரண்டும் சேர்ந்து நடக்க வழி தெரியாமல் கொல்லைப்புறத்தில் நின்றாள்.

அங்கேதான் ஹனீப் பாய் வந்து சேர்ந்தார். அவள் கடைக்குப் பக்கத்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்கிற பழவேற்காட்டுக்காரர். சிப்காட்டில் தொழிலாளி வீட்டில் சாவு விழுந்தால் கூட வேலை செய்கிறவர்கள் துண்டு ஏந்தி வசூல் பண்ணிக் கொடுப்பது வழக்கம். அருணாச்சலத்தின் ஆலை மூடிக் கிடந்ததால் துண்டும் இல்லை, ஏந்த ஆளும் இல்லை. முத்தம்மா பணத்தை பாயின் கையில் திணித்து, தன் கடைக்கு எதிரே உள்ள ஆலைக்காரர்களிடம் வசூலான மொய் என்று சொல்லிக் கொடுக்கச் சொன்னாள்.

பாய் யோசித்தார். "பொய் சொல்லி யாவாரம் பண்ணிருக்கேன் தங்கச்சி. பொய் சொல்லி மவுத்து ஊட்டுக்குப் போனதில்ல."

ஆனாலும் போனார். பணத்தைத் துண்டில் முடிந்து நீட்டினார். அருணாச்சலத்தின் முகம் தெளிந்தது. உடனே மறுபடி சுருங்கியது. பெயர் இல்லாமல் வாங்கினால் அது மொய் இல்லை, பிச்சை. யார் யார் கொடுத்தது, எவ்வளவு என்று கேட்டான். நாளைக்கு அவர்கள் வீட்டில் நல்லது கெட்டது வந்தால் அவன் திருப்பிச் செய்ய வேண்டாமா? பாய் இதை எதிர்பார்க்கவில்லை. மறதி வந்தவர்போலத் தலையைத் தடவிக்கொண்டு, பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். முத்தம்மா மூக்கைச் சிந்தியபடி எழுந்து வந்து, எல்லோரும் என் கடையில் சாப்பிடுகிறவர்கள்தான் என்று வாயில் வந்த எட்டுப் பெயரைச் சொன்னாள். கிரேன் ஓட்டுகிற யேசுதாஸ் எப்போதும் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவான். அவன் பெயருக்கு நூறு ரூபாய் கூடவே போட்டாள். யாரோ எழுதிக்கொண்டார்கள். மேளம் வந்தது. கன்னியப்பன் பூப்பல்லக்கில் போனார். அருணாச்சலம் தலை நிமிர்ந்து சட்டி தூக்கினான். முத்தம்மா நினைத்தது நடந்துவிட்டது.

குழப்பம் அதற்குப் பிறகுதான் ஆரம்பமானது.

உலை மறுபடி பற்றி, சம்பளம் வர ஆரம்பித்ததும், ஒருநாள் யேசுதாஸ் கடைக்கு வந்தான். தோசை சொல்லவில்லை.

"யக்கா, உங்கண்ணாத்த நம்ம பாப்பா ஞானஸ்நானத்துக்கு வந்தாரு. நான் கூப்டவே இல்ல. மொய் வெச்சாரு. 'நீ செஞ்ச ஒதவிய மறக்க மாட்டேன்'னு கையப் புட்ச்சிக்கினு அழுவுறாரு. நான் இன்னா செஞ்சேன்?"

"நீ நல்லவன்னு யாராவது சொல்லிருப்பாங்க. வாங்கி வெச்சுக்கோ."

"நல்லவன்னு எனக்கே தெரியும். காரணம் இன்னான்னு கேக்குறேன்."

முத்தம்மா அவன் கேட்காமலே இரண்டு இட்லி வைத்து, ஒரு கரண்டி வடகறி கூடுதலாக ஊற்றினாள். யேசுதாஸும் முறை தெரிந்தவன். வாங்கிய மொய்யைச் சும்மா வைத்திருக்க மனம் வரவில்லை. அருணாச்சலத்தின் மகள் மஞ்சள் நீராட்டுக்குக் குடும்பத்தோடு போய், வாங்கியதற்கு மேலேயே வைத்துவிட்டு வந்தான். அருணாச்சலம் அதைப் புது மொய்யாகக் கணக்கில் வைத்துக்கொண்டு, அடுத்த விசேஷத்துக்காகக் காத்திருந்தான். இப்படியே மற்றவர்களும். தராத பணத்தைத் திருப்பி வாங்கியவர்கள், வாங்கியதற்குப் பதில் செய்தார்கள். இரண்டு வருடத்தில் அருணாச்சலத்துக்கு சிப்காட்டில் உறவினர் மாதிரி எட்டு வீடு ஆகிவிட்டது. யேசுதாஸ் அவனை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தான். கடையில் இட்லி எடுத்து வைத்துக்கொண்டே முத்தம்மா யோசிப்பாள்: தான் கொடுத்த பணம் இப்போது யார் வீட்டில் இருக்கிறது? ஹனீப் பாயைக் கேட்டால், பழைய இரும்பு உலைக்குள் போய்விட்டால் எந்தக் கம்பி எந்தச் சைக்கிளில் இருந்து வந்தது என்று யார் சொல்வது என்று சிரித்துவிட்டுப் போவார்.

2009இல் பைபாஸ் ஓரத்து வீட்டை ஒரு குடோன்காரர் விலைக்குக் கேட்டார். வாரிசுச் சான்றிதழ் வந்திருந்தது. அண்ணனும் தங்கையும் பத்திரம் எழுதுகிறவர் முன்னால் உட்கார்ந்தார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு ஹனீப் பாய்.

பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு விளக்கினார். உயில் இல்லாத சாவு, மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. அத்தை அஞ்சம்மாள் பயந்தது நடந்துவிட்டது, அதுவும் பந்தல் காசு யார் கொடுத்தார்கள் என்று சட்டம் விசாரிக்காமலே. அவர் தொடர்ந்தார்: "ஆனா ஒண்ணு. எடுத்த செலவ மொதல்ல கழிச்சு, செஞ்சவங்க கையில குடுத்துரணும். மிச்சத்ததான் பிரிக்கணும். செலவு யார் செஞ்சது?"

ஹனீப் பாய் முத்தம்மாவைப் பார்த்தார். முத்தம்மா வாயைத் திறந்தாள்.

அதற்குள் அருணாச்சலம் சொன்னான்: "எட்டுப் பேரு குட்த்தாங்க சார். நான்தான் திருப்பிக்கினே வரேன். எட்டுப் பேருக்கும் ஒரு சுத்து முட்ஞ்சுது." பிறகு தங்கையின் பக்கம் திரும்பினான். குரல் இறங்கியது. "கேக்கவே கூச்சமா கீது. நீ இன்னாமா சொல்ற?"

சொல்லிவிடலாம். சொன்னால் பணம் வரும். கூடவே அன்றைக்கு அவன் நிமிர்ந்து தூக்கிய சட்டி கீழே விழும். அவன் கைப்பிடித்து அழுத எட்டு வீட்டிலும் அவன் சிரிப்புக்கு இடமாவான். யேசுதாஸ் யாரை மாமா என்று கூப்பிடுவான்? பாயின் பொய்யும் சந்திக்கு வரும். அதோடு, அண்ணன் திருப்பிக் கொடுத்ததும் நிஜப் பணம்தானே. எது யாருடையது என்று அவள் யோசிக்க யோசிக்க இன்னும் சிக்கலாகியது.

"கழிச்சுக்கோண்ணா. அப்பாவுக்குச் செஞ்சதுதான" என்றாள்.

பாய் சாட்சிக் கையெழுத்துப் போடும்போது பேனாவை இரண்டு தடவை உதறினார்.

முத்தம்மா தன் அப்பாவை எடுத்த செலவை முதலில் முழுதாகக் கொடுத்தாள். இரண்டு வருடம் கழித்து, வீட்டு விலையில் தன் பங்கிலிருந்து அதில் பாதியை மறுபடியும் கொடுத்தாள்.