வில்லனுக்கு எழுதிய கடிதம்

போன வாரம் சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். இப்போது டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். முன்னீர்பள்ளம் தாண்டும்போது திடீரென்று என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

“டீச்சர், இங்கன பாருங்க. ஹார்ட் விட்டுட்டாரு.”

போனில் யாரோ ஒரு நடிகர் போட்ட படத்துக்குக் கீழே இவள் இரண்டு வார்த்தை எழுதியிருக்கிறாள். அவர் அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டிருக்கிறார். இவள் எழுதி, அவர் இதயம் போடுவதற்குள் கண்டக்டர் எங்களுக்கு டிக்கெட்கூடக் கொடுத்து முடித்திருக்கவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அந்த வயதில் எனக்கும் அப்படி ஒரு முகம் இருந்தது. நீங்க யாருக்காச்சும் எழுதிருக்கியளா டீச்சர் என்று கேட்டாள். ஒரு வில்லனுக்கு எழுதியிருக்கிறேன் என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது. அவளிடம் சொல்ல முடியாமல் போனதை உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு இறங்குகிற அவசரம் ஒன்றும் இல்லையே.

இன்லண்ட் லெட்டர் என்று யாராவது சொன்னால் எனக்கு ஆட்டுக்கறிக் குழம்பு வாசம் அடிக்கும். காரணம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி படித்த இரண்டு வருடமும் நான் இருந்தது ஒரு மிஷன் விடுதி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் கறிச்சோறு. சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள், அதே சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு இன்லண்டைக் கொடுத்துக் கடிதம் எழுதச் சொல்வார்கள். அறுபது பெண்கள், அறுபது நீலத்தாள். என் கடிதத்தை அப்பா பிரித்ததும் மோந்து பார்த்துவிட்டு, ‘இந்த வாரமும் கறி போட்டிருக்காவ’ என்பாராம். அம்மா சொல்லியிருக்கிறாள்.

எழுதியதை ஒட்டக் கூடாது. அப்படியே வார்டன் எஸ்தர் அம்மாவிடம் கொடுக்க வேண்டும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றுவிடாமல் படித்து, தன் கையாலேயே ஒட்டி அனுப்புவார். வருகிற கடிதமும் அவர் பிரித்துப் படித்த பிறகுதான் நம் கைக்கு வரும். இதில் எங்களுக்கு வருத்தம் இருந்ததாக நினைவில்லை. வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்பதெல்லாம் எங்களுக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். சில நாள் நம்மைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் கடிதத்தைக் கொடுப்பார்.

ஆனால் சினிமா என்றால் அவ்வளவுதான். எனக்கு முந்தின வருடம் ஒரு பெண்ணின் பெட்டிக்குள் ஒரு நடிகர் படம் இருந்தது. அன்றைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள், அவள் திரும்பி வரவே இல்லை. என் அப்பா ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு சின்ன சபைக்கு உபதேசியார். போதகர் வராத வாரங்களில் ஆராதனை நடத்துகிறவர். எனக்கு இந்த இடம் கிடைப்பதற்காகப் போதகர் வீட்டுக்கு எத்தனை நடை நடந்தார் என்று எனக்குத் தெரியும். விடுதியை விட்டு அனுப்பினால் என் டீச்சர் வேலை போச்சு, அப்பா சபைக்கு முன்னால் தலைநிமிர்ந்து நிற்பதும் போச்சு.

இவ்வளவு தெரிந்தும் எங்கள் அறையில் பேச்சு முழுக்க சினிமாதான். நாங்கள் மூன்று பேர். சேரன்மகாதேவி புஷ்பத்துக்கு ஒரு கதாநாயகன் மேல் உயிர். ரோஸ்லினுக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர், அப்பா போட்டில் போகிறவர்; அவளுக்கு ஒரு நடனக்காரி மேல் பைத்தியம், போர்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த அம்மா ஆடுகிற மாதிரியே ஆடிக் காட்டுவாள். என் முறை வந்தபோது நான் ஒரு வில்லன் நடிகர் பெயரைச் சொன்னேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

“ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? போயும் போயும் அடி வாங்குதவனுக்கா ரசிகை?” என்றாள் புஷ்பம்.

எனக்குக் காரணம் இருந்தது. பள்ளி லீவில் தச்சநல்லூர் சித்தி வீட்டுக்குப் போனால், சித்தி அப்பாவுக்குத் தெரியாமல் என்னை ஜங்ஷனுக்குக் கூட்டிப்போய்ப் படம் காட்டுவாள். அப்படிப் பார்த்த ஒரு படத்தில் இவர் ஒரு குழந்தையைக் கடத்துகிறார். தியேட்டரில் பெண்கள் பக்கம் முழுக்க ‘நாசமாப் போவான்’ என்று வாயில் வந்ததெல்லாம் வைகிறார்கள். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையைத் தூக்கிக் காருக்குள் போடும்போது, அதன் தலை கதவில் இடித்துவிடாமல் இடது கையைக் குறுக்கே வைத்துக்கொண்டார். கண் சிமிட்டுகிற நேரம்தான். பிள்ளையைத் திருடுகிறவன் எவன் அப்படிச் செய்வான்? அது படத்தில் வருகிற ஆளின் கை இல்லை, அந்த மனிதரின் சொந்தக் கை என்று எனக்குப் பட்டது. அன்றிலிருந்து நான் அவர் கட்சி.

புஷ்பத்திடம் அவளுடைய கதாநாயகன் கையெழுத்துப் போட்டு அனுப்பிய படம் ஒன்று இருந்தது. லீவில் வீட்டிலிருந்து எழுதி வாங்கினது; வேதப்புத்தகத்தின் காக்கி அட்டைக்குள் ஒளித்துவைத்திருந்தாள். பொறாமையில் நான் ஒரு நாள் விரலை நாக்கில் தொட்டு அந்தக் கையெழுத்தைத் தேய்த்துப் பார்த்தேன். மை கரையவில்லை. ‘அச்சடிச்சதுட்டி இது, எல்லாருக்கும் இதே தான் போகும்’ என்று சொல்லிவிட்டேன். புஷ்பம் அன்று சாயங்காலம் வரைக்கும் அழுதாள். நான் செய்தது அற்பத்தனம்தான், இப்போதும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அழுது முடித்துவிட்டு அவள் சொன்னாள், உன் வில்லன் அச்சடித்ததுகூட அனுப்ப மாட்டான், முடிந்தால் ஒரு பதில் வாங்கிக் காட்டு என்று. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

முகவரி கிடைத்தது கருவாட்டில். ரோஸ்லின் வீட்டிலிருந்து வந்த கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால், சுற்றியிருந்தது ஒரு சினிமாப் பத்திரிகைத் தாள். நடிகர்களின் சொந்தப் பெயரும் வீட்டு முகவரியும் வரிசையாகப் போட்டிருந்தது. என் வில்லனுக்குச் சொந்தப் பெயர் அருமைநாயகம். எங்கள் பக்கத்தில் சபைக்காரர்களும் வைப்பார்கள், சாமி கும்பிடுகிறவர்களும் வைப்பார்கள், அப்படி ஒரு பெயர். அதைப் பார்த்ததும் எனக்கு யோசனை ஓடியது. வெளியே போய்த் தபால்பெட்டியில் போட வழியில்லை. எஸ்தர் அம்மா கையாலேயே அனுப்பிவிட்டால் என்ன?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எழுதாமல் அவருக்கு எழுதினேன். எனக்குக் கடிதம் தொடங்க ஒரே ஒரு விதம்தான் தெரியும். ‘கர்த்தருக்குள் பிரியமான அண்ணனுக்கு’ என்று தொடங்கினேன். அந்தக் குழந்தையைக் காரில் ஏற்றும்போது நீங்கள் தலையில் இடிபடாமல் கை வைத்ததைப் பார்த்தேன், மற்றவர்கள் பார்க்கவில்லை, நான் ஆசிரியை ஆகப் படிக்கிறேன், உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்று முடித்தேன். ஒரு வார்த்தை பொய் கிடையாது.

எஸ்தர் அம்மா இரண்டு தடவை படித்தார். யார் இது என்று கேட்டார். சித்தி கூடப் போயிருந்தபோது பார்த்தேன், மெட்ராஸில் இருக்கிறார் என்றேன். நல்ல மனுசர்போல என்று சொல்லி ஒட்டிப் போட்டுவிட்டார்.

புஷ்பமும் ரோஸ்லினும் என்னைத் தூக்காத குறை. அந்தச் சந்தோஷம் சோறு தின்று முடிக்கிற வரைதான் இருந்தது. ரோஸ்லின்தான் சாதாரணமாகக் கேட்டாள், “அவரு பதிலோட போட்டோ வச்சு அனுப்புனா என்னட்டி செய்வ?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கவரை எஸ்தர் அம்மா பிரிப்பார், உள்ளிருந்து முறுக்கு மீசையும் கன்னத்து வெட்டுத்தழும்புமாக அவர் விழுவார், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் பஸ் ஏற வேண்டியதுதான். அதற்குப் பிறகு மூன்று வாரம், பதில் வரக் கூடாது என்று ஜெபித்த ஒரே ரசிகை உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கையில் இருக்கிற சாக்பீஸ் நழுவும். அப்படியும், அன்றைக்கு ஒன்றும் வரவில்லை என்று தெரிந்தால் மனசு சுருங்கியும் போகும். இரண்டும் ஒரே நெஞ்சில்தான் கிடந்தன.

ஒரு வியாழக்கிழமை மாலை ஜெபத்துக்கு எஸ்தர் அம்மா வேதப்புத்தகத்தின் மேல் ஒரு இன்லண்டை வைத்துக்கொண்டு வந்தார். என் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார். எழுந்தேன். அறுபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் முகம் என் கண்முன் வந்து நின்றது.

“ஒரு அண்ணன் தங்கச்சிக்கு எப்படி எழுதணும்னு எல்லாரும் கேட்டுக்கோங்க” என்று சொல்லிவிட்டு அவர் வாசிக்க ஆரம்பித்தார்.

அந்தக் கடிதம் எனக்கு இன்றும் மனப்பாடம். ‘கர்த்தருக்குள் பிரியமான தங்கைக்கு. உன் கடிதம் கிடைத்தது. எனக்கு வருகிற கடிதங்களில் பாதி என்னை வைவதற்காகவே எழுதப்படுபவை. அந்தக் குழந்தையின் தலையை நான் பிடித்துக்கொண்டதை ஒருவரும் பார்க்கவில்லை என்றே இருந்தேன். அன்று அதற்குக் காய்ச்சல். அடிபட்டிருந்தால் என்னால் தாங்க முடிந்திருக்காது. நீ ஆசிரியை ஆகப்போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கண்ணை விட்டுவிடாதே. உன்னிடம் வருகிற பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். என் தங்கையும் விடுதியில் படித்தவள். ஆகவே இதனோடு வேறு எதுவும் வைத்து அனுப்பவில்லை. எனக்காக ஜெபிப்பதை நிறுத்திவிடாதே, என் வேலை அப்படி.’

கையெழுத்து முழுக்க மையில் எழுதினது. பிறகு புஷ்பமே விரலை நனைத்துத் தொட்டுப் பார்த்தாள், நன்றாகக் கரைந்தது.

எஸ்தர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவர் யார் எவர் என்று எனக்குத் தெரியாது, இப்படிப்பட்டவருக்கே வசவு விழுகிறது என்றால் நாம்தான் அவரைத் தாங்க வேண்டும் என்று சொல்லி, எல்லோரையும் முழங்காலில் நிற்கச் சொன்னார். அறுபது பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு, தமிழ்நாடே காறித் துப்பிய ஒரு வில்லனுக்காக ஜெபித்தோம். புஷ்பத்தின் தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவள் அவள் உருகி அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் சிரிக்கவில்லை. வாழ்க்கையில் அதற்குப் பிறகு நல்லாசிரியர் மெடல்கூட வாங்கியிருக்கிறேன். அந்த வியாழக்கிழமைக்கு அது உறைபோடக் காணாது.

படிப்பு முடிந்து வேலைக்குப் போய், பல வருடம் கழித்து எஸ்தர் அம்மாவின் பணி ஓய்வு விழாவுக்கு விடுதிக்குப் போனேன். அன்றும் வியாழக்கிழமை. மாலை ஜெபத்தில் ஒரு சின்னப் பெண் எழுந்து நோட்டைப் பார்த்து விண்ணப்பங்களை வாசித்தாள். சுகமில்லாதவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், கடலில் இருக்கிறவர்கள். அதற்கடுத்து, ‘மெட்ராஸ் அருமைநாயகம் அண்ணனுக்காக.’ அது யாரென்று அவளுக்கும் தெரியாது, அவளுக்கு முன்னால் வாசித்தவளுக்கும் தெரியாது. நாங்கள் படித்த காலத்தில் தொடங்கியதை, ஒவ்வொரு வருடமும் பழைய நோட்டைப் பார்த்துப் புது நோட்டில் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். வியாழக்கிழமை தவறாமல்.

எனக்குத் தாங்கவில்லை. ஜெபம் முடிந்ததும் எஸ்தர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சினிமா, கருவாட்டுத் தாள், சவால், எல்லாம். நான் மறுபடியும் பதினெட்டு வயதுப் பெண்ணாக நின்றேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர், “பிள்ள தலையில கை வச்சது நெசந்தான?” என்று கேட்டார்.

“நெசந்தாம்மா. நானே பாத்தேன்.”

“அப்பம் பேரு இருக்கட்டும். நான் போனப் பொறவும் யாரும் எடுக்கப்படாதுன்னு சொல்லிட்டுப் போறேன்.”

சொன்னபடியே சொல்லிவிட்டுப் போனார். இப்போது எஸ்தர் அம்மா இல்லை. பெண்கள் வீட்டிலிருந்தே பஸ்ஸில் வந்து படிக்கத் தொடங்கியதும் விடுதியை மூடிவிட்டார்கள், நோட்டுகள் எங்கே போயினவோ தெரியவில்லை. அருமைநாயகம் அண்ணனும் நல்ல முதிர்ந்த வயதில், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அன்று டிவியில் நாள் முழுக்க அவர் அடி வாங்கிய சண்டைகளாகப் போட்டார்கள், எந்தெந்தக் கதாநாயகர்கள் அவரை அடித்தார்கள் என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். வியாழக்கிழமைதோறும் அவருக்காக முழங்காலில் நின்ற எங்களைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. முகம் தெரியாமல், படம் பார்க்காமல், கைமாறிக் கைமாறி அத்தனை வருடம் ஓடிய ரசிகர் மன்றம் அது. அவரை அடித்தவர்களில் ஒருத்தருக்காவது அப்படி ஒன்று வாய்த்திருக்குமா, சொல்லுங்கள்.