வானத்தில் ஒருவரை இறக்கிவிட்டு வந்தேன்

காலை எட்டு மணி, திருச்சி விமானத் திடல். உலகப் போர் முடிந்ததும் பட்டாளத்தார் கழித்துக் கட்டிய பழைய இரட்டை இறக்கை விமானம் ஒன்றை என் முதலாளி வாங்கியிருந்தார். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிய வண்டி அது. கூரையில்லாத இரண்டு இருக்கைகள். முன்னால் பயணி, பின்னால் விமானியாக நான்.

அன்றைய பயணி சவரிமுத்து, பட்டாளத்தில் பாரசூட் கட்டிக் குதித்தவர். ஏலாக்குறிச்சிக்கு வடக்கே இரண்டு மைலில் இருக்கும் தம் ஊரில், வறண்ட ஏரிக்குள் குதித்துக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். வழியனுப்ப வந்த அவர் மனைவி லூர்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணே, இதுவரைக்கும் எத்தன பேர இப்படி எறக்கி விட்டிருக்கீங்க?"

"இவர்தாம்மா முதல் ஆள்." அந்த நேரம் பார்த்து அரிச்சந்திரனாக இருந்து தொலைத்தேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "குதிச்ச ஒடனே நேரா இங்க வாங்க. என்ன ஆச்சுன்னு உங்க வாயால சொல்லணும். நான் இங்கயேதான் இருப்பேன்."

எட்டரைக்குக் கிளம்பினோம். முப்பது மைலுக்குச் சற்று அதிகம், அரை மணிப் பயணம். கொள்ளிடத்தைப் பிடித்துக்கொண்டே போனால் வழி தவறாது. பங்குனி மாதமாதலால் அகன்ற மணலில் தண்ணீர் ஓர் ஓரமாக ஒதுங்கி ஓடியது. திருமழபாடி வந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்த கோபுரத்தை மேலிருந்து குனிந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு இரண்டாயிரம் அடி உயரத்தில் ஊருக்கு மேலே வந்துவிட்டோம். நான்கு வேட்டிகளைச் சிலுவையாக ஏரி நடுவில் விரித்துவிட்டு வந்திருந்தார் சவரிமுத்து. அந்த வெள்ளைக் குறியைப் பார்த்து நான் கையை இறக்க வேண்டும். இறக்கியதும் அவர் குதிப்பார். இதுதான் ஏற்பாடு. இருக்கையை விட்டு வெளியே ஏறி, வலது இறக்கைமேல் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டார். இறக்கை மறைப்பதால் அவருக்குக் கீழே தரை தெரியாது. அவர் கண் என் கையில் இருந்தது.

வெள்ளை தெரிந்தது. கையைத் தூக்கினேன்.

தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அது சிலுவையாக இல்லை, நீளக் கோடாகக் கிடந்தது. ஏரியிலும் இல்லை, ஊர் வாசலில், மூன்று இறவைக் கிணறுகளுக்கும் பனைமரங்களுக்கும் நடுவே கிடந்தது. கையை மடக்கிக்கொண்டு இன்னொரு சுற்று சுற்றினேன்.

ஏரி தெரிகிறது, சரி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? ஏரிக்கரைக் களத்தில் பெண்கள் வரகு தூற்றிக்கொண்டிருந்தார்கள். பதர் கிழக்கே பறந்தது. ஏரிக்கு மேற்கே கொஞ்சம் தள்ளி வந்து, எந்தச் சாமி என்று பாராமல் எல்லாச் சாமியையும் கூப்பிட்டு, கையை இறக்கினேன்.

விமானம் பாரம் குறைந்து துள்ளியது. கம்பியருகே ஆள் இல்லை. கீழே கரும்புள்ளி ஒன்று சுழன்று போயிற்று. பிறகு அந்தப் புள்ளியிலிருந்து பட்டு நீண்டு, உதறி, முழுக் குடையாக மலர்ந்தது. எத்தனையோ ஆயிரம் மைல் பறந்த நான், மனிதன் பறப்பதை அன்றுதான் பார்த்தேன். வெயிலில் அந்த வெள்ளை மெல்ல மெல்ல இறங்கி ஏரி நடுவில் சாய்ந்தது. நான் அழுதேன். மேலே யார் பார்க்கப் போகிறார்கள்?

ஏரியிலேயே விமானத்தை இறக்கினேன். ஊரே திரண்டு நின்றது. துணியை எடுத்தது யார் என்று கத்தினேன். ஊர்த் தலைவரான நாட்டார் நிதானமாகச் சொன்னார்: "நாங்கதாங்க. தான் நடந்து வர்றதுக்குத் தானே நடைபாவாட விரிச்சிக்கிறது நல்லாவா இருக்கு? அதான் நாங்களே எடுத்தாந்து ஊரு வாசல்ல விரிச்சோம்."

மேளம் முழங்க அதே வேட்டிகள்மேல் சவரிமுத்துவை நடத்திப் போனார்கள். அவருக்குச் சங்கதியே தெரியாது.

பத்தரைக்குத் திருச்சியில் இறங்கினேன். லூர்து காலையில் விட்ட இடத்திலேயே நின்றார். காலியான முன்னிருக்கையைப் பார்த்தவர் பார்த்தபடி இருந்தார்.

"நல்லபடியா எறங்கிட்டாரும்மா. ஒரு கீறல் இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

லூர்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறக்கைமேல் காலை வைத்தார். "என் கண்ணால பாக்கணும். அங்க கொண்டு விடுங்க. ஆனா அண்ணே, என்னையத் தரையில எறக்குங்க."