தூக்கி எறிந்த தழை

நவம்பர் மாதம். ராத்திரி முழுக்க மழை. காலை ஐந்தரைக்குத் திருப்பத்தூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே வேன் ஏறினேன். ஆம்பூரில் லேத் பட்டறை வைத்திருப்பவன் நான். சர்க்கரை ஏறிவிட்டது, நடங்கள் என்றார் டாக்டர். ஊரில் நடந்தால் லாரி அடிக்கும் என்று மகள் பயந்து, போனில் தேடி இந்த மலைநடைக் குழுவில் சேர்த்துவிட்டாள். ஆளுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். புதூர்நாட்டுப் பக்கம் இறங்கி, காட்டு வழியாகப் பதினோரு கிலோமீட்டர் நடந்தால், மலையின் இன்னொரு சரிவில் தார் ரோட்டில் அதே வேன் வந்து நிற்கும். இரண்டு வேளைச் சாப்பாடும் ஒரு தொப்பியும் அந்தக் காசில் அடக்கம். தொப்பி என் தலைக்குச் சேரவில்லை, இருந்தும் போட்டுக்கொண்டேன்.

எங்களை நடத்திச் சென்றவனை எல்லோரும் கேப்டன் என்றார்கள். முப்பது வயது இருக்கும். கழுத்தில் விசில். வேனில் மூன்று விதிகள் சொன்னான். மஞ்சள் அம்புக்குறியை விட்டு விலகக் கூடாது. குப்பை போடக் கூடாது. ஊர்க்காரர்களோடு நின்று பேசி நேரத்தை வீணாக்கக் கூடாது. மூன்றாவது விதியைக் கேட்டபோதே நான் இறங்கியிருக்கலாம்.

ஏழே காலுக்கு நடக்க ஆரம்பித்தோம். ஜவ்வாது மலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பச்சை, பனி என்று எழுதுவார்கள். பச்சையும் பனியும் இருந்தது உண்மை. சாமை அறுத்த சரிவுகள், நடுவில் புளிய மரங்கள், மேலே மூங்கில். ஆனால் என் கண்ணில் பட்டது வேறு. அந்தப் பாதையை நடை போகிறவர்களுக்காக யாரும் போடவில்லை. ரேஷனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் நடந்து நடந்து ஊர்க்காரர்கள் தேய்த்த பாதை அது. அதில் மரத்துக்கு மரம் மஞ்சள் பெயின்ட் அடித்து, அதற்குப் பெயர் வைத்து, எங்களிடம் ஆயிரத்து எண்ணூறு வாங்கியிருக்கிறார்கள்.

என் இடது முட்டி சரியில்லை. எப்போதும் கடைசி ஆள் நான்தான். ஒரு மணி நேரம் நடந்திருப்போம். பின்னாலிருந்து ஒருவர் ஓடி வந்தார். லுங்கியை மடித்துக் கட்டி, கையில் கொடுவாள், காலில் செருப்பில்லை.

“வழி வுடுங்க சார், வழி வுடுங்க.”

“இன்னா ஆச்சுங்க?”

“பின்னாடி டோலி வருது. தழை போட்டுட்டுப் போறேன், மிதிச்சிடாதீங்க.” சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. அதற்குள் வளைவு தாண்டிவிட்டார்.

தழை போடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. டோலி என்றால் கல்யாணப் பல்லக்கு என்று நினைத்துக்கொண்டேன். இப்படிப்பட்ட ஆட்களைத்தான் மலைக்குக் கூட்டிப் போகிறார்கள்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எங்கள் கூட்டம் அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. இடது பக்கப் பாதையின் குறுக்கே பச்சைக் கிளை ஒன்று கிடந்தது. அப்போதுதான் வெட்டிய வெட்டு, பால் வடிந்துகொண்டிருந்தது. மேலே ஒரு கல். எங்கள் மஞ்சள் அம்பு இடது பக்கம் காட்டியது.

“இன்னாடா இது, சூனியமா?” என்றான் ஒருவன். சிரித்தார்கள். கிளையோடு ஒரு பெண் படம் எடுத்துக்கொண்டாள்.

“வழியில எதுவும் கிடக்கக் கூடாது. கிளீனா வச்சிருக்கணும்” என்று சொல்லி, கேப்டன் கல்லைக் காலால் தள்ளினான். கிளையைத் தூக்கிச் சரிவில் எறிந்தான். விசில் ஊதினான். இடது பக்கம் இறங்கினோம்.

இறக்கம் என் முட்டிக்கு ஆகவில்லை. “மெதுவா வாங்க அங்கிள், அம்புக்குறி பாத்துக்கிட்டே வந்தா போதும்” என்று சொல்லிவிட்டுக் கூட்டம் முன்னால் போய்விட்டது. ஒரு பாறைமேல் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் டோலி வந்தது.

மூங்கில் கழியில் கம்பளியைத் தொட்டில் போலக் கட்டி, முன்னால் இருவர், பின்னால் இருவர். மாற்று ஆள் இரண்டு பேர். தொட்டிலுக்குள் முப்பது வயதுப் பெண். பெயர் பச்சையம்மா. களத்தில் சாமைத் தாளை அள்ளும்போது கண்ணாடி விரியன் கடித்திருக்கிறது. கால் முழங்காலுக்கு மேல் வரை வீங்கிப் பளபளத்தது. ஈறில் ரத்தம்.

மாற்று ஆளாக வந்த தாடிக்காரர் என் கையிலிருந்த நடைக்கோல்களைப் பார்த்தார். “ரெண்டு காலு கீது, அதுக்கு மேல ரெண்டு குச்சியா சார்?” என்றார். அந்த நிலையிலும் தூக்கி வந்தவர்கள் சிரித்தார்கள். டோலிக்குள் இருந்தவளும் பேசினாள்.

“சிரிச்சது போதும், எறக்கி வுடுங்கடா, நானே நடந்துக்கறேன். மாட்டுக்குத் தண்ணி காட்டாம வந்துட்டேன்.”

“நீ சும்மா கெட. மாடு உன்னைய வுட நல்லா கீது” என்றார் தாடிக்காரர்.

நானும் அவர்கள் பின்னாலேயே நடந்தேன். முன்னால் ஓடியவர் அவளுடைய அண்ணன் வெள்ளையன் என்றும், போனுக்கு டவர் கிடைக்கும் மேட்டில் ஏறி ஜீப்பைக் கூப்பிட்டுவிட்டு ஓடியிருப்பார் என்றும் சொன்னார்கள். ஜீப் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டேன்.

“எப்பவும் இந்தப் பக்கந்தான். மாறுச்சுன்னா தழை போட்டிருப்பான். தழை போட்ட வழியில போகக் கூடாது, மத்த வழியில போணும்னு அர்த்தம். இங்க யாரும் தழையைத் தொட மாட்டாங்க சார், மாடு மேய்க்கற புள்ளகூட.”

 கேப்டன் எறிந்த கிளையைப் பற்றிச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

தார் ரோட்டுக்கு முன்னால் இருந்த சிறுபாலம் ராத்திரி மழையில் போயிருந்தது. இரண்டு பக்கமும் உடைந்த சிமென்ட் குழாய், நடுவில் செம்மண் வெள்ளம். எங்கள் கூட்டம் முழங்கால் தண்ணீரில் கடந்து அக்கரை போயிருந்தது. அதற்குள் மேலே மறுபடி மழை பெய்து வெள்ளம் ஏறிவிட்டது. தாடிக்காரர் இறங்கிப் பார்த்தார். இடுப்பளவு. அடியில் கல் உருண்டு ஆளைத் தள்ளியது. கரையில் இருந்தவர்கள் துண்டை வீசி அவரை இழுத்தார்கள். டோலியோடு போக வழியே இல்லை.

அக்கரையில் எங்கள் வேன் நின்றது. கூப்பிடு தூரம்தான். ஒன்றும் செய்ய முடியாது. கேப்டன் போனை எடுத்து டோலியைப் படம் பிடித்தான்.

“எங்கடா ஜீப்பு?” என்றார் டோலியை இறக்கியவர்களில் ஒருவர். “பாலம் போனதை ஜீப்புக்காரன் போன்ல சொல்லியிருப்பானே, வெள்ளையன் தழை போடாம போய்ட்டானா? கூடப் பொறந்தவளுக்கே இப்படிப் பண்ணுவானா?”

“அவன் கையில கெடைக்கட்டும்” என்றார் இன்னொருவர்.

நான் சொன்னேன். தழை போட்டிருந்தார், எங்கள் ஆள் எடுத்து எறிந்தான், என் கண் முன்னால் எறிந்தான் என்று சொன்னேன். ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். திட்டியிருந்தால் தேவலை. தாடிக்காரர் ஒன்றுதான் கேட்டார்.

“ஏன் சார்?”

 அக்கரையைப் பார்த்துக் கத்தினேன். “நீ தூக்கிப் போட்ட கிளைதான்டா இது!” கேப்டன் காதில் கை வைத்து, கேட்கவில்லை என்று காட்டினான். பிறகு, நாங்கள் கிளம்புகிறோம், நீங்கள் பஸ்ஸில் வந்துவிடுங்கள் என்று சைகை செய்தான். வேன் போய்விட்டது.

வந்த ஏற்றத்தை மறுபடி ஏறினார்கள்.  பச்சையம்மா மாட்டைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. பாதை பிரிகிற இடம் வந்து, வலது பக்கம் திரும்பி, மண் ரோட்டில் ஜீப்பைத் தொட்டபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வீணாகியிருந்தது. வெள்ளையன் தேடிக்கொண்டு பாதி வழி வந்துவிட்டிருந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தார்.  தாடிக்காரர் அவரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். வெள்ளையன் திரும்பி என் தொப்பியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் காட்டுக்குள் எறிய நினைத்து, அதுவும் முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“ஏறு சார், பஸ்ஸு சாயங்காலந்தான்” என்றார் ஜீப் ஓட்டுநர்.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். டாக்டர் வேலை செய்தார், குறை சொல்ல மாட்டேன். நர்ஸ் மட்டும் வெள்ளையனைப் பிடித்துக்கொண்டார்.

“காலையில கடிச்சதுக்கு இந்நேரம் கொண்டாந்தா எப்படி? முதல்ல மந்திரிக்கப் போனீங்களா?”

“இல்லீங்க” என்றார் வெள்ளையன். “வழி தப்பிடுச்சிங்க.”

“உங்க மலையிலயே உங்களுக்கு வழி தப்புமா?”

 அவர்கள் வழி தப்பவில்லை, வெள்ளையன் அடையாளம் வைத்திருந்தார், அதை எடுத்தது நாங்கள் என்று நான் குறுக்கே சொன்னேன். “நீங்க யாரு? அட்டெண்டர் ஒருத்தர்தான் உள்ள இருக்கணும்” என்று நர்ஸ் என்னை வெளியே அனுப்பினார். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பச்சையம்மா இறந்துபோனாள்.

வராந்தாவில் வெள்ளையனிடம், ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன்.

“வேற இன்னா சொல்றது சார்? ஒரு கெளைய எடுத்துப் போட்டதால செத்துட்டான்னு சொன்னா இவங்களுக்குப் புரியுமா? கெளைதானே, சிரிப்பாங்க.”

ஆம்பூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நடைக் குழுவின் வாட்ஸ்அப்பில் படங்கள். கிளையோடு அந்தப் பெண். டோலி. அதன் கீழே கேப்டன் எழுதியிருந்தான்: மலை மக்களின் பாரம்பரிய வாழ்க்கையை நேரில் கண்ட அனுபவம். அதற்குப் பதினாறு பேர் கைகூப்பியிருந்தார்கள். நடந்ததை நான் எழுதினேன். பெயரோடு எழுதினேன். ஆம்பூர் வருவதற்குள் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.