ஊசி படாத பானை

வரலட்சுமி ஒன்றும் பயந்தாங்கொள்ளி இல்லை. கோவை கணபதியில் அவர்கள் சந்துக்குள் பாம்பு வந்தால் ஆம்பளைகள் கதவுக்குப் பின்னால் நிற்பார்கள். விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறவள் அவள்தான். ஆனால் அந்த வருஷம் ஆடியில், டாக்டர் அவள் புருஷன் பாலகோபாலின் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "திறந்துதான் சரி பண்ணணும்ங்க" என்று சொன்னார். ஆவணியில் ஆபரேஷன் என்று ஆயிற்று. அன்றிலிருந்து ஈர்க்குச்சி ஒடிந்தால்கூட அவரைத்தான் ஓடிப்போய்ப் பார்த்தாள்.

மத்தியானம் அவர் கண்ணயர்ந்தால் மூக்குக்கிட்டே விரலை வைத்துப் பார்ப்பாள். அவர் கண்ணைத் திறக்காமலே, "இருக்கேன். போய் காப்பி போடு" என்பார்.

அந்தப் பார்வையைத் தாங்க மாட்டாமல்தான் அவளை மண் வேலை படிக்க அனுப்பினார். துடியலூரில் சாஜிதா பேகம் என்ற பெண் தன் வீட்டுக் கார் ஷெட்டில் பானை வனையச் சொல்லிக் கொடுத்தாள். புதுச்சேரியில் கற்று வந்தவள். அவளுக்குப் பழைய கிரைண்டர் மோட்டாரை வைத்துச் சக்கரம் பூட்டிக் கொடுத்தது பாலகோபால்தான். சின்னதாக ஒரு பவுண்டரி வைத்திருந்தார். பம்புசெட்டுக்கு இரும்பில் உறை வார்க்கிற வேலை.

"ஏனுங்க, நான் மண்ணுப் பிசையப் போயிட்டா உங்களை யாரு பாப்பா?"

"நீ பாக்கற பார்வையிலயே பாதி உசுரு போகுது. நான் பூட்டின மோட்டார் சூடாகுதான்னு பாத்துட்டு வா. அதுதான் உனக்கு வேலை."

முதல் சில சனிக்கிழமை மண் அவள் பேச்சைக் கேட்கவே இல்லை. சக்கரத்தின் நடுவில் நிற்காமல் ஒருபக்கமாக ஆடும். கை கொஞ்சம் அசந்தால் பிய்ந்து சுவரில் போய் ஒட்டும். பக்கத்துச் சக்கரத்தில் லோகப்பிரியா என்று ஒரு பேங்க் கிளார்க் பெண், கவுண்டர் வீட்டுப் பிள்ளை. வாய் சும்மா இருக்காது. "அக்கா, சுவத்துக்கு நீங்களே பூசிக் குடுத்துட்டீங்க, டீச்சருக்குக் கொத்தனார் கூலி மிச்சம்" என்பாள். வரலட்சுமியும் சிரிப்பாள். அந்த நேரத்தில் மட்டும் நெஞ்சுப் படம் அவளுக்கு மறந்திருந்தது.

அப்புறம் ஒருநாள் மண் அடங்கி நின்றது. விரலுக்கு நடுவில் சுவர் எழும்பி, கழுத்து வைத்த சின்னப் பானையாக உட்கார்ந்தது. அவள் கையை எடுக்க மனசில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் சாஜிதா லோகப்பிரியாவின் பானைக்கு முன்னால் குனிந்து, நீளமான ஊசி ஒன்றை எடுத்து அதன் அடியில் குத்தினாள். "அடிக்கனம் இப்படித்தான் பாக்கணுங்க" என்றாள். ஊசி போன இடத்தில் பொட்டாக ஓர் ஓட்டை. பிறகு கம்பியை இழுத்துப் பிடித்து அந்தப் பானையை உச்சியிலிருந்து அடிவரை இரண்டாக அறுத்துப் போட்டாள். "உள்ள எப்படி இருக்குதுன்னு அறுத்தாத்தான் தெரியும். ஆரம்பத்துல செய்யற பானைக எல்லாம் அறுக்கறதுக்குத்தான்."

அந்தப் பொட்டு ஓட்டை வரலட்சுமியின் கண்ணை விட்டு நகரவில்லை. அவள் மாமியார் போனபோது பாலகோபால்தான் தோளில் குடம் சுமந்து சுற்றிவந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு ஓட்டை போட்டார்கள். தண்ணீர் பீச்சி அவர் முதுகெல்லாம் நனைந்து வழிந்தது. கடைசியில் திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாகப் போட்டு உடைத்தார். அந்த ஈர முதுகு இப்போது கார் ஷெட்டுக்குள் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

சாஜிதா ஊசியோடு அவள் பக்கம் திரும்பினாள். வரலட்சுமி இரண்டு கையாலும் பானையை மறைத்துக்கொண்டாள்.

"என் பானைக்கு வேண்டாங்க டீச்சர்."

"அக்கா பானை ஊசிக்குப் பயப்படுது," என்றாள் லோகப்பிரியா. "இதையெல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா என்ன ஆகும்?" ஆபரேஷன் விஷயம் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. வரலட்சுமி கையை எடுக்கவில்லை.

உள்ளே போன் அடித்தது. சாஜிதா, "சரிக்கா, நீங்களே குத்திப் பாருங்க" என்று ஊசியைக் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து, "பாத்தீங்களா? கனம் சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இருக்குதுங்க" என்றாள் வரலட்சுமி. ஊசி அவள் கையிலேயே இருந்தது, பானையைத் தொடவே இல்லை.

அந்த நிமிஷமே மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். இது முழுசாகச் சூளையிலிருந்து வந்தால் அவரும் முழுசாக வருவார். யாரிடமும் சொல்லவில்லை. அப்படிப் போடக்கூடாத முடிச்சு அது. ஆனால் ஏன் போட்டாள் என்பது அவள் இடத்தில் இருந்தால்தான் தெரியும்.

ஆபரேஷனுக்கு முந்தின சனிக்கிழமை சூளையைத் திறந்தார்கள். அவள் பானை இருந்த தட்டில் பானை இல்லை. சில்லுதான் இருந்தது. சிதறின வேகத்தில், பக்கத்தில் இருந்த லோகப்பிரியாவின் கோப்பைகளும் உடைந்து கிடந்தன. சாஜிதா அடிப்பக்கத்துச் சில்லைக் கையில் எடுத்தாள். அதிரசம் மாதிரித் தடியாக இருந்தது.

"ஊசி விட்டுப் பாத்தேன்னு சொன்னீங்களேக்கா."

லோகப்பிரியா உடைந்த கோப்பைகளைக் குனிந்து பொறுக்கினாள். வரலட்சுமி சில்லுகளை முந்தானையில் வாரிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் கண்டக்டர் கையை நீட்டிக்கொண்டு நின்றதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. முதுகில் தண்ணீர் வழிகிற மாதிரியே இருந்தது.

வீட்டில் பாலகோபால் அவள் முந்தானையைப் பார்த்தார். மறைக்க முடியாமல் ஊசி, குடம், முடிச்சு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் திட்டவில்லை. அடிச்சில்லை ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடி இத்தனை கனம் வெச்சா உள்ள இருக்கற ஈரம் எப்படி வெளிய போகும்? சூடு ஏறினதும் வெடிக்கத்தான் செய்யும். புது அச்சுல முதல் உருப்படி வார்த்தா நாங்க என்ன பண்ணுவோம், தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அறுத்துப் பாப்போம். காத்துக்குழி உள்ளதான் இருக்கும். வெளிய மினுமினுன்னு இருக்கும், ஒண்ணும் தெரியாது. அறுக்காம அனுப்பினதுதான் கிணத்துல போய்ப் பிளந்துக்கும்." சில்லின் விளிம்பைத் தடவினார். "என்னையும் திறந்து பாக்கட்டும், அம்மணி."

சில்லு ஜன்னல் கம்பியில் பட்டு டக் டக்கென்று சத்தம் போட்டது. அவள் போய் அவர் கையோடு சேர்த்து அதைப் பிடித்தாள்.

"உங்களுக்கும் பயமாங்க?"

"பின்னே? ஊட்டுல ஒரே நேரத்துல ரெண்டு பேரு பயந்தா சோறு யாரு ஆக்கறது?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் சாஜிதா வீட்டுக் கதவைத் தட்டி, "பொய் சொல்லிப்போட்டேனுங்க. லோகப்பிரியாவுக்கு அத்தனை கோப்பையும் நானே செஞ்சு குடுத்தர்றேன். இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு வனைய விடுங்க" என்றாள். சாஜிதா சாவியை எடுத்துவந்து ஷெட்டைத் திறந்தாள். பானை எழும்பியதும் வரலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஊசியை இறக்கினாள். கம்பி மண்ணுக்குள் இறங்கியபோது பல்லைக் கடித்துக்கொண்டாள். பானை சத்தமில்லாமல் இரண்டாகச் சாய்ந்தது.

அதில் ஒரு பாதியைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பாலகோபாலை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு, வராந்தாவில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் துணியை இறுக்கிப் பிடிப்பாள். நர்ஸ் வேறு யாரையோ கூப்பிடுவார். அவள் மறுபடி மூச்சு விடுவாள். மண்ணின் ஈரம் புடவையில் இறங்கி, காய்ந்தும் போயிற்று.

அவரை வார்டுக்குக் கொண்டுவந்த அன்று அந்தப் பாதிப்பானை வெளுத்து உலர்ந்திருந்தது. அவர் பேசத் தெம்பில்லாமல் கையை நீட்டினார். கொடுத்தாள். உள்சுவரில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டிக்கொண்டு வந்து அடியில் நிறுத்தினார்.

"இங்க இன்னும் கனம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார், காற்றுக் குரலில்.

"தெரியுதுங்க" என்றாள் அவள். பேச்சோடு பேச்சாக அவள் விரல் அவர் மூக்குக்கிட்டே போயிருந்தது. "அடுத்ததை அறுக்கறப்ப நீங்க பக்கத்துல வந்து நில்லுங்க. தனியா என்னால ஆகாது."